பக்கத்து வீட்டுப் பெண்ணும் ஒரு சொல்லும்

பினாங்கு
ஞாயிறு மாலை

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை கிடைத்தது. முழங்கால் அறுவைக்குப் பிறகு கம்பு ஊன்றாமல் நடக்கிறாய் என்று படித்ததும் மனம் நிறைந்தது. மாடிப்படி மட்டும் கொஞ்ச நாளைக்கு வேண்டாம். இங்கே எல்லாரும் சுகம். பேத்தி சுவரைப் பிடித்து நடக்க ஆரம்பித்துவிட்டாள்.

உன்னிடம் சொல்ல வேண்டும் என்று ஒரு வாரமாக வைத்திருக்கும் விஷயம் இது. பக்கத்து வீட்டுப் பெண் ஐந்தாம் படிவம். பள்ளியிறுதித் தேர்வான எஸ்.பி.எம். நெருங்குகிறது என்று ஆங்கிலக் கட்டுரைகளை என்னிடம் கொண்டுவந்து காட்டுவாள். போன வாரம் தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போனதை எழுதியிருந்தாள். 513 படியும் ஏறி முருகனைப் பார்த்ததும் ‘எனர்வேட்’ (enervate) ஆனேன் என்று ஒரு வரி. எனர்ஜி போல ஒலிக்கிறதே, தெம்பு வந்தது என்று நினைத்துவிட்டாள். பொருளோ நேர் எதிர், தெம்பு வடிந்துபோவது. லத்தீனில் ‘நெர்வுஸ்’ என்றால் தசைநார். அதை உருவி எடுத்துவிட்டால் உடம்பு எப்படித் துவளும், அதுதான் எனர்வேட். எனர்ஜி கிரேக்கத்திலிருந்து வந்தது. இரண்டுக்கும் உறவே இல்லை.

சொன்னதும் முகம் வாடிவிட்டது. “வேற ஈசியான வார்த்தை போட்டுடுறேன் அங்கிள்” என்று பேனாவால் அடிக்கப் போனாள். எனக்கு மனசு கேட்கவில்லை. ஆசையாகத் தேடிப் பிடித்த சொல் ஆயிற்றே. அடிக்காதே, அதற்கு இடம் பார்ப்போம் என்றேன். உடனே, ‘படி ஏறியதில் எனர்வேட் ஆனேன்’ என்று மாற்றினாள். அகராதிப்படி தப்பில்லை, ஆனாலும் உறுத்தியது. படி ஏறினால் வருவது களைப்பு. உட்கார்ந்து ஒரு வாய் தண்ணீர் குடித்தால் போய்விடும். புழுக்கம், நாள்பட்ட காய்ச்சல், வேலையற்ற சொகுசு என்று மெல்ல மெல்ல உறிஞ்சுபவற்றோடுதான் எனர்வேட் சேரும். ‘காலமானார்’ நல்ல சொல்தான். அதற்காக வீட்டுப் பூனை காலமானது என்று எழுதுவோமா?

அப்புறம் அவளாகவே யோசித்தாள். அம்மா வரும்வரை அடிவாரத்தில் ஒரு மணி நேரம் நின்றார்களாம். மத்தியானம், துளிக் காற்றில்லை. நம்மூர்ப் புழுக்கம் உனக்குத் தெரியாததா? ‘அந்தப் புழுக்கம் எங்களை எனர்வேட் செய்தது’ என்று அங்கே கொண்டுபோய் வைத்தாள். முருகனைக் கண்ட இடத்தில், புத்துயிர் பெறுவதைச் சொல்லும் ‘ரிவைவ்’ போட்டாள். இரண்டு வரியையும் மூன்று தடவை வாய்விட்டுப் படித்தாள். கேட்டுக்கொண்டிருந்த எனக்குக் கண் கலங்கியது.

நம் காலத்தில் அரிய சொல் எழுதினால் சிவப்பு மையில் ஒரு கோடு விழும், அவ்வளவுதான். ஏன் தப்பு, எங்கே வைத்தால் சரி என்று யாரும் சொன்னதில்லை. எத்தனை சொற்களை அப்படிப் பயந்தே விட்டுவிட்டோம்! உனக்கும் ஒன்றிரண்டு நினைவிருக்கும், எழுது.

தைப்பூசத்துக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறாய், தவறாமல் வா. இந்த முறை படி வேண்டாம். கீழே தண்ணீர்ப் பந்தலில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்போம்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்