வேங்கை மரத்தடியில் எங்களோடு நின்றவர்களுக்கு

குமுளி, வண்டிப்பெரியாறு, கூடலூர், கம்பம் சொந்தங்கள் எல்லாருக்கும் வணக்கம்.

நாம் சேர்ந்து எடுத்த கண்ணகி படத்தைப் போன ஞாயிற்றுக்கிழமை லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) மைதானத்தில் போட்டோம். கடைசியில் பெயர்கள் ஓடும்போது மழை தூற, பலர் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டியதாயிற்று. அதனால் நன்றியை இங்கே நிதானமாகச் சொல்லிவிடுகிறேன்.

முதல் நன்றி, எங்கள் லயத்துப் பாட்டிக்கு. கொழுந்து கிள்ளிக் கிள்ளி விரலெல்லாம் கறை ஏறிய கை அவருடையது. "மங்கலதேவி அழுதுகிட்டு இந்த மலைக்குத்தான்யா வந்தா. அவளை மொதல்ல பாத்தது நம்மள மாதிரி மலைக்காட்டு சனந்தான்" என்றார். மங்கலதேவி என்று அவர் சொன்னது கண்ணகியைத்தான். சிலப்பதிகாரமும் அதைத்தான் சொல்கிறது. வேங்கை நிழலில் நின்றவளைக் கண்டவர்கள் குன்றக் குறவர்கள். அவர்கள் போய்ச் சொல்லித்தான் சேரன் செங்குட்டுவனுக்கே விஷயம் தெரியும். அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டுதான் கதை எழுதினோம்: ஏலக்காய் ஸ்டோரில் திருட்டுப் பழி விழுந்த அப்பா, ஐந்தாம் வகுப்பு படிக்கும் மகள், பஸ் ஸ்டாப் வேங்கை மரத்தடியில் ஒற்றைச் சிலம்போடு நிற்கும் ஒரு அக்கா.

ஊர் எரிகிற காட்சியைச் சின்னப் பிள்ளைகளுக்கு எப்படிக் காட்டுவது என்று திணறினோம். வழி சொன்னது எங்கள் தமிழ் டீச்சர். "முதியவரையும் குழந்தைகளையும் விட்டுவிடு என்று தீக்கடவுளிடம் சொன்னவள் அவள். உங்கள் படத்தில் அந்தத் தீ பொய்க்கணக்கு நோட்டை மட்டும் எரிக்கட்டுமே" என்றார். படத்தில் பிள்ளைகள் கைதட்டிய இடமே அதுதான் டீச்சர்.

சிலம்பு செய்து தந்த கம்பத்துப் பாத்திரக்கடை அண்ணனைப் பற்றிக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும். கோவலன் விற்கப் போன சிலம்பில் இருந்தது மாணிக்கப் பரல், பாண்டிமாதேவியின் சிலம்பில் இருந்தது முத்து. வழக்கே அதில்தானே தீர்ந்தது! அண்ணன் பித்தளைக் குழலை வளைத்து, உள்ளே முதலில் சிவப்புக் கண்ணாடி மணி போட்டுப் பார்த்தார், சத்தம் பிடிக்கவில்லை. கொட்டிவிட்டுக் குன்றிமணியை நிரப்பி, வாயை மெழுகால் அடைத்து, காதோரம் வைத்துக் குலுக்கினார். "இப்பப் பேசுது" என்றார். உடைக்கிற காட்சிக்காக இன்னொரு சிலம்பும் செய்தார். கூலி வாங்கவே இல்லை.

மங்கலதேவி கோயில் பெரியாறு புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது. வருஷத்தில் சித்ரா பௌர்ணமி ஒரு நாள்தான் சனங்களை விடுவார்கள். அங்கே படப்பிடிப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை, இருக்கவும் கூடாது. ஏலக்காய் ஸ்டோர் முற்றத்திலேயே தெர்மாகோலில் கருங்கல் சுவர் எழுப்பிய பெயிண்டர் தம்பிகளே, அதில் பாசி பிடித்த பச்சையைக் கூட விடாமல் தீட்டினீர்களே, எங்கள் பாட்டி அந்தச் சுவர் முன்னால் நின்று கும்பிட்டதை விட உங்களுக்கு வேறென்ன பாராட்டு வேண்டும்?

பக்கத்து வீட்டு மலையாளிச் சேச்சிமாருக்குத் தனி நன்றி. கதையைக் கேட்டதும் "இது நம்முடெ ஆற்றுக்கால் அம்மையல்லே" என்று சொல்லி (திருவனந்தபுரம் ஆற்றுக்கால் கோயில் அம்மனைக் கண்ணகி என்றே நம்புகிறார்கள்), அந்தக் கோயில் பொங்கலைத் திருவிழாவுக்கு உடுத்தும் கசவுச் சேலையை எடுத்துக் கொடுத்தீர்கள். மதியத்தில் கப்பையும் மீன்கறியும் உங்கள் வீட்டில்தான். போலீஸ்காரராக நடித்த ஜீப் டிரைவர் சேட்டன் தன் வசனத்தைத் தானே மலையாளத்தில் மாற்றிப் பேசினார், நாங்கள் எழுதியதை விட நன்றாக இருந்தது.

கேமரா தருவதாகச் சொன்ன ஒருவர் கடைசி நேரத்தில் கைவிரித்தபோது, கல்யாண சீசனிலும் தன் கேமராவைக் கொடுத்த கூடலூர் ஸ்டூடியோ அண்ணனுக்கும், சிலப்பதிகாரத்தில் வருவது போல 14ஆம் நாள் கண்ணகியை அழைத்துப்போகக் கோவலன் வான விமானத்தில் வந்து இறங்குவதைக் கம்ப்யூட்டரில் செய்து தந்த தேனி கல்லூரிப் பிள்ளைகளுக்கும் நன்றி. விடுமுறை நாளிலும் பிள்ளைகளை அனுப்பிவைத்த அம்மாக்களே, அந்த ஒரு நாள் ஓய்வையும் எங்களுக்காக விட்டுக்கொடுத்தீர்கள். மறக்க மாட்டேன்.

மழையால் முழுசாகப் பார்க்காதவர்களுக்காக, சித்ரா பௌர்ணமிக்கு முந்தின நாள் சாயங்காலம் அதே மைதானத்தில் மறுபடியும் போடுகிறோம். இந்தத் தடவை மேலே தார்ப்பாய் கட்டிவிடுவோம். சேச்சிமாரின் சேலைகளை இஸ்திரி போட்டு வைத்திருக்கிறேன், அன்றைக்கு வாங்கிக்கொள்ளுங்கள்.