கண்டிப்பா மெமரி வேணும்னு கேக்கறதுல இருக்கற ஆபத்து

ஆசிரியருக்கு வணக்கம்,

லினக்ஸோட மையப் பகுதியான கர்னல்ல ஜிஎஃப்பி நோஃபெயில்னு (__GFP_NOFAIL) ஒரு ஃப்ளாக், அதாவது ஒரு குறி, இருக்கு, மெமரி கேக்கும்போது இத போட்டா இல்லைங்கற பேச்சே கிடையாது, கிடைக்கிற வரைக்கும் மெமரி பங்கிடற அலொகேட்டர் திரும்பத் திரும்ப முயற்சி பண்ணிட்டே இருக்கும், அதனால கேட்ட கோடு நல் பாயிண்டர் (மெமரி கிடைக்கலைங்கற வெத்து பதில்) வந்துச்சான்னு செக் கூட பண்றதில்ல. ஃபைல் சிஸ்டம் ஜர்னல்ல, அதாவது டிஸ்க்ல செய்யற மாத்தங்கள குறிச்சு வைக்கற பதிவுல, பாதி ட்ரான்சாக்‌ஷன்ல நிக்கும்போது பின்வாங்க வழியில்ல, அங்க இது தேவைதான், நான் குறை சொல்லல.

ஆனா ஒரு ப்ராசஸ் (ஓடிட்டிருக்கற ப்ரோக்ராம்) ஒரு லாக்க, அதாவது மத்தவங்கள காத்திருக்க வைக்கற பூட்ட, பிடிச்சுக்கிட்டே மெமரிக்கு காத்திருக்கு, மெமரி தீந்துபோனா ப்ராசஸ கொன்னு இடம் காலி பண்ற ஓஓஎம் கில்லர் வந்து வேற ப்ராசஸ கொல்லப் பாக்குது, அது சாகறதுக்கும் அதே லாக்தான் வேணும்னா என்ன ஆகும்? ரெண்டும் அப்படியே நிக்கும், மெஷின் ஹேங்!! இன்டரப்ட் (ஹார்ட்வேர் திடீர்னு கூப்பிடறது) மாதிரி தூங்கவே கூடாத, அதாவது நின்னு காத்திருக்கவே கூடாத, இடத்துல போட்டா இன்னும் மோசம், அங்க ரீக்ளெய்ம் (பயன்ல இருக்கற மெமரிய காலி பண்ணி மீட்கறது) பண்ண முடியாது, அலொகேட்டர் நல் குடுத்துடலாம், யாரும் செக் பண்ணாததால நேரா கிராஷ்தான்.

2024ல கர்னல் டெவலப்பர்கள் இத ஹெடர் ஃபைல் கமெண்ட்லயே, அதாவது கோடோடயே இருக்கற விளக்கக் குறிப்புல, கண்டிப்பா எழுத ஆரம்பிச்சாங்க, தூங்கக்கூடிய இடத்துல மட்டும்தான், டைரக்ட் ரீக்ளெய்மோட (கேட்ட இடத்துலயே காத்திருந்து மெமரிய மீட்கறது) சேத்துதான் போடணும்னு. பெரிய சைஸ் கேக்காதீங்கன்னும் அதுல இருக்கு. ரொம்ப அருமையான வேலைங்க இது, புது ஃபீச்சர் எழுதறவங்களுக்கு கிடைக்கிற பாராட்டு டாக்குமெண்டேஷன் எழுதறவங்களுக்கு கிடைக்கறதே இல்ல. டிரைவர் எழுதக் கத்துக்கற பசங்க இத படிக்காமலே அந்த ஃப்ளாக்க காப்பி பண்ணிடக்கூடாது, தயவுசெஞ்சு உங்க கம்ப்யூட்டர் பக்கத்துல இதப்பத்தி ஒரு முழு கட்டுரை போடுங்க.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்