21,000 படத்தில் நின்றுபோன ஷட்டர்: உத்தரவாதம் மறுக்கப்பட்டது குறித்த புகார்

அனுப்புநர்: கல்யாணப் புகைப்படக்காரர், கும்பகோணம்.
பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு, சென்னை.

ஐயா,

சென்ற தை மாதம் உங்கள் புதிய ஃபுல் ஃபிரேம் மிரர்லெஸ் கேமராவை 1,98,000 ரூபாய்க்கு வாங்கினேன். பாதிப் பணம் இன்னும் தவணையில் போய்க்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு படத்துக்கும் திறந்து மூடி ஒளியை உள்ளே விடும் ஷட்டர் 2 லட்சம் படம் தாங்கும் என்று உங்கள் விளம்பரத்தாளில் போட்டிருக்கிறது. என்னுடையது 21,000-ல் நின்றுவிட்டது.

நின்ற நேரம்தான் கொடுமை. ஆவணி முதல் வாரத்தில் ஒரு முகூர்த்தம். ஐயர் கெட்டிமேளத்துக்குக் கை காட்டுகிறார், மாப்பிள்ளை தாலியைக் கழுத்தருகே கொண்டுபோகிறார், எனக்குத் திரையில் ஷட்டர் பிழை என்று ஒரு வரி வருகிறது. பேட்டரியைக் கழற்றிப் போட்டேன். மறுபடி அதே வரி. அதற்குள் இரண்டு முடிச்சு விழுந்துவிட்டது. அவசரமாக, ஷட்டர் இதழ் அசையாமல் ஒளியைப் பதியும் சென்சாரே படமெடுக்கும் எலக்ட்ரானிக் ஷட்டருக்கு மாற்றி, நாத்தனார் போட்ட மூன்றாவது முடிச்சை மட்டும் எடுத்தேன்.

அதுவும் உருப்படியாக வரவில்லை. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். சாதாரண எல்இடி விளக்கு நொடிக்கு 100 முறை மங்கி எரியும், கண்ணுக்குத் தெரியாது. உங்கள் சென்சாரோ படத்தை வரிவரியாக, மெதுவாகப் படிக்கிறது. அதனால் எல்லாப் படத்திலும் பட்டை. ஷட்டர் வேகத்தை 1/100 நொடிக்கு இறக்கினால் பட்டை குறையும், ஆனால் முடிச்சுப் போடும் விரல்கள் கலங்கிவிடும். நிகான் இசட்9 போல, இதழ்கள் திறந்து மூடும் மெக்கானிக்கல் ஷட்டரே இல்லாமல் வேகமாகப் படிக்கும் கேமரா வாங்க எனக்கு வசதியில்லை. மெக்கானிக்கல் ஷட்டரை நம்பித்தான் உங்களிடம் வந்தேன்.

படங்களைப் பார்த்த பெண்ணின் அம்மா, "தம்பி, புள்ள நெத்தியில இது என்ன கறுப்புக் கோடு?" என்று கேட்டார். மீதிப் பணத்தை நான் வாங்கவில்லை. வாங்க மனம் வரவில்லை.

சரி, இயந்திரம்தானே, பழுதாகும் என்று உங்கள் சர்வீஸ் சென்டருக்கு அனுப்பினேன். 38 நாள் கழித்துப் பதில் வந்தது: ஷட்டர் இதழ் வெளி அழுத்தத்தால் வளைந்திருக்கிறது, உத்தரவாதம் செல்லாது, 24,500 ரூபாய் கட்ட வேண்டும். கல்யாணத்தன்று அதிகாலை 5 மணியிலிருந்து 400 படத்துக்கு மேல் எடுத்திருக்கிறேன். ஒரே 24-70 லென்ஸ், ஒரு முறைகூடக் கழற்றவில்லை. விரல் பட்டு வளைந்த இதழ் என்றால் அதுவரை எப்படி ஓடியது? வளைந்ததைக் காட்டும் படம் கேட்டேன். இதுவரை அனுப்பவில்லை. கேமராவை அணைத்தால் ஷட்டர் தானாக மூடிக்கொள்ளும்படி கம்பெனியிலேயே அமைத்து அனுப்புகிறீர்கள். லென்ஸ் மாற்றும்போது அந்த மெல்லிய இதழ்கள் திறந்தவெளியில் நிற்கும் என்பது உங்களுக்குத் தெரியாததா?

அப்புறம், தொழிலுக்கு வாங்கியதால் நான் நுகர்வோரே இல்லை என்று தொலைபேசியில் ஒருவர் சொன்னார். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. பிழைப்புக்காகச் சுயதொழில் செய்பவன் அதற்கென்றே வாங்கிய பொருளுக்கு நுகர்வோர்தான். வழக்கு என்று வந்தால் தஞ்சாவூர் மாவட்ட ஆணையத்திலேயே போட முடியும்.

ஷட்டரை இலவசமாக மாற்றித் தாருங்கள், பழுதடைந்த பாகத்தை என்னிடம் ஒப்படையுங்கள். ஐப்பசியில் நான்கு கல்யாணம் ஒப்புக்கொண்டிருக்கிறேன். ஐப்பசி பிறப்பதற்குள் கேமரா என் கைக்கு வர வேண்டும். முடியாதென்றால் என் கேமரா திரும்பி வரும்வரைக்கும் மாற்று கேமரா ஒன்று அனுப்புங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்