அக்கா, ராஜினாமா மட்டும் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள்

அன்புள்ள அக்காவுக்கு,

உங்களிடம் கேட்டுக்கொண்டுதான் இதைப் பொதுவில் எழுதுகிறேன். உங்கள் பெயரோ கல்லூரியின் பெயரோ இதில் வராது. கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, வியாசர்பாடி என்று நம் பக்கத்திலிருந்து தனியார் கல்லூரி ஆபீசுக்கு வேலைக்குப் போகிற எத்தனையோ பேருக்கு நாளைக்கு இதே நிலைமை, விசாரணை எதுவும் இல்லாமல் பதவியை இறக்கிவிடுகிற நிலைமை, வரலாம். அவர்களுக்கும் உபயோகப்படட்டும் என்று நீங்களே சொன்னீர்கள்.

"எழுதிக் கொடுத்துட்டு வந்துடலாம்னு இருக்கேன் தம்பி, மரியாதையாவது மிஞ்சும்" என்று போனில் சொன்னீர்களே, அதற்குத்தான் முதல் பதில். தயவுசெய்து செய்யாதீர்கள். ராஜினாமாவில் நீங்கள் கையெழுத்துப் போட்டு, அதை அவர்கள் ஏற்றுக்கொண்டுவிட்டால் வழக்கே படுத்துவிடும். அப்புறம் "மிரட்டி வாங்கினார்கள்" என்று நிரூபிக்கிற பாரம் உங்கள் தலையில் விழும். பாரிமுனையில் வக்கீல் குமாஸ்தாவாக வேலை பார்க்கிறவன் நான். அப்படி வந்து நின்ற வழக்குக் கட்டுகளைக் கையால் தூக்கியிருக்கிறேன். உங்களை வெளியே அனுப்ப நிர்வாகத்துக்குக் குற்றச்சாட்டு வேண்டும், விசாரணை வேண்டும், கல்வித் துறையின் ஒப்புதல் வேண்டும். நீங்களே போய்விட்டால் அவர்களுக்கு ஒரு வேலையும் மிச்சமில்லை.

நீங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய உத்தரவைப் பிரிண்ட் எடுத்து எங்கள் சீனியர் வக்கீலிடம் காட்டினேன். மொத்தமே நாலு வரி. நிர்வாக நலன் கருதி, அலுவலகக் கண்காணிப்பாளர் பொறுப்பிலிருந்து விடுவித்து, இளநிலை உதவியாளராகப் பணியமர்த்துவதாக. என்ன தப்பு செய்தீர்கள் என்று ஒரு வார்த்தை கிடையாது. மெமோ இல்லை, விளக்கம் கேட்கவில்லை. தேதிக்குக் கீழே செயலாளர் கையெழுத்து, கல்லூரி முத்திரை, அவ்வளவுதான். ஆனால் அந்த நாலு வரியை வைத்து அடுத்த நாளே உங்களைக் கட்டண கவுண்டருக்கு உட்கார வைத்துவிட்டார்கள். வருகைப் பதிவேட்டில் இரண்டாவது வரியில் இருந்த உங்கள் பெயரைச் சிவப்பு மையால் அடித்து, கடைசியில், போன வருஷம் சேர்ந்த பையனுக்குக் கீழே எழுதியிருக்கிறார்கள். அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்தீர்களே, அது நல்ல காரியம். உங்கள் சீனியாரிட்டியில் கை வைத்துவிட்டார்கள் என்பதற்கு அதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம்.

ஏன் இது நடந்தது என்று உங்களுக்கும் தெரியும், ஆபீசில் எல்லோருக்கும் தெரியும். ரசீது இல்லாமல் வாங்குகிற பணத்துக்கு நான் கணக்கு எழுத மாட்டேன் என்று சொன்னீர்கள். தமிழ்நாட்டில் 1992-லிருந்து நன்கொடை வசூலைத் தடுக்கச் சட்டம் இருக்கிறது. அரசு நிர்ணயித்ததற்கு மேல் வாங்கக் கூடாது, வாங்குகிற பணத்துக்கு ரசீது கொடுக்க வேண்டும். சட்டம் சொன்னதைத்தான் நீங்களும் சொன்னீர்கள். அதற்காகத் தலையைக் குனிய வேண்டியது நீங்கள் இல்லை அக்கா.

"இது பனிஷ்மென்ட் இல்லை, வெறும் பொறுப்பு மாற்றம்" என்று கல்லூரி முதல்வர் உங்களைக் கூப்பிட்டுச் சொன்னாராம். இந்தக் கேள்விக்கு உச்ச நீதிமன்றம் 1957-லேயே, புருஷோத்தம் லால் திங்ரா வழக்கில் வழி சொல்லிவிட்டது. உத்தரவில் என்ன பெயர் வைத்திருக்கிறார்கள் என்பது முக்கியமில்லை. அந்தப் பதவியில் இருக்க ஊழியருக்கு உரிமை இருந்ததா, சம்பளமோ சீனியாரிட்டியோ அடுத்த பதவி உயர்வோ போயிற்றா என்று பார்க்க வேண்டும். போயிருந்தால் அது தண்டனைதான். உங்களுக்குச் சீனியாரிட்டி போய்விட்டது, இந்த மாத சம்பளப் பட்டியலில் அடிப்படைச் சம்பளமும் குறைந்துவிட்டது. தண்டனை என்றால் குற்றச்சாட்டைக் கொடுத்து, பதில் வாங்கி, விசாரணை நடத்தி, விசாரணை அறிக்கையின் நகலையும் உங்கள் கையில் கொடுத்த பிறகுதான் முடிவெடுக்க வேண்டும். அறிக்கை நகல் விஷயத்தை 1993-ல் கருணாகர் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது, தனியார் நிறுவனங்களையும் சேர்த்தே. உங்கள் விஷயத்தில் அறிக்கைக்குப் போவானேன், விசாரணையே நடக்கவில்லையே.

இன்னொன்றும் சீனியர் கண்ணில் பட்டது. நீங்கள் முதலில் சேர்ந்ததே உதவியாளராக, நேரடி நியமனத்தில். அங்கிருந்துதான் கண்காணிப்பாளர் ஆனீர்கள். இப்போது இறக்கியிருப்பது இளநிலை உதவியாளராக, அதாவது நீங்கள் காலடி வைத்த படிக்கும் கீழே. ஒருவர் நேரடியாக நியமிக்கப்பட்ட பதவிக்குக் கீழே அவரை இறக்க முடியாது என்று 1988-ல் நியாதர் சிங் வழக்கில் தீர்ப்பு இருக்கிறது. அது மத்திய அரசு ஊழியர்களின் விதிகளை வைத்து வந்தது என்று எதிர்த்தரப்பு சொல்லும்தான். ஆனாலும் நியாயம் ஒன்றுதானே. ஒரு நாளும் பார்க்காத வேலைக்கு ஒருவரைப் புதிதாகத் தள்ளுகிற மாதிரிதான் அது. நியமன உத்தரவை எப்படியாவது தேடி எடுங்கள். பீரோவில் பாலிசிப் பத்திரங்களோடு இருக்கும் என்று மாமா சொன்னார்.

நம் கையில் இருக்கிற பெரிய ஆயுதம் தமிழ்நாடு தனியார் கல்லூரிகள் (ஒழுங்குமுறை) சட்டம், 1976. அதன் 19-வது பிரிவு ஆசிரியர்களுக்கு மட்டும் இல்லை, கல்லூரியில் வேலை பார்க்கிற மற்றவர்களுக்கும் சேர்த்துத்தான். தகுதியுள்ள அதிகாரியிடம் முன்கூட்டியே ஒப்புதல் வாங்காமல் யாரையும் நீக்கவும் கூடாது, பதவி இறக்கவும் கூடாது. உங்கள் கல்லூரி அரசு உதவி பெறுவது, சிறுபான்மையினர் கல்லூரியும் இல்லை. அதனால் கல்லூரிக் கல்வி இணை இயக்குநர் அலுவலகத்தில் இதற்கு ஒரு கோப்பு இருந்தாக வேண்டும். எனக்குத் தெரிந்த வரையில் இருக்காது. அதை ஊர்ஜிதம் செய்ய 10 ரூபாய் போதும். அதே அலுவலகத்துக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். என் பதவி இறக்கத்துக்கு நிர்வாகம் முன் ஒப்புதல் கேட்டதா, கேட்டிருந்தால் கடித நகல் கொடுங்கள் என்று இரண்டே கேள்வி. 30 நாளுக்குள் பதில் வர வேண்டும். "அப்படி எந்தக் கருத்துருவும் வரவில்லை" என்று ஒரு வரி எழுத்தில் வந்துவிட்டால் பாதி வழக்கு முடிந்த மாதிரி.

அந்தச் சட்டத்திலேயே மேல்முறையீடும் இருக்கிறது. உத்தரவு கையில் வந்த தேதியிலிருந்து காலக்கெடு ஓடுகிறது. தகவல் மனுவுக்குப் பதில் வரட்டும் என்று இதைத் தள்ளிப்போடக் கூடாது.

நேராக ஹைகோர்ட்டில் ரிட், அதாவது உரிமை மீறலைச் சரிசெய்யக் கேட்கும் மனு, போட்டால் என்ன என்று கேட்டீர்கள். தனியார் அறக்கட்டளை நடத்துகிற கல்லூரி மேலும் ரிட் போகும் என்று 1989-ல் ஆண்டி முக்தா வழக்கில் சொல்லியாயிற்று. ஆனால் நிர்வாகத்து வக்கீல் எழுந்ததும் 2022 செயின்ட் மேரீஸ் தீர்ப்பை நீட்டுவார். அதிலும் ஆசிரியரல்லாத ஊழியர்தான். அரசு உதவி பெறாத தனியார் பள்ளிக்கும் ஊழியருக்கும் நடுவில் வெறும் ஒப்பந்தம்தான், அதற்கெல்லாம் ரிட் வராது என்று சொன்ன தீர்ப்பு. அந்த ஊழியரின் வேலை நிபந்தனைகளுக்குப் பின்னால் சட்டம் எதுவும் இல்லை, உங்களுக்கு 19-வது பிரிவு இருக்கிறது. இந்த வித்தியாசத்தை அஃபிடவிட்டின் (பிரமாணப் பத்திரத்தின்) முதல் பக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். இருந்தாலும் மேல்முறையீடு இருக்கும்போது ஏன் இங்கே வந்தாய் என்று நீதிபதி திருப்பி அனுப்ப வாய்ப்பு உண்டு. அதனால் மேல்முறையீட்டை முதலில் போட்டுவிடுவோம். அதில் இழுத்தடித்தால் ரிட்.

லேபர் கோர்ட்டுக்கு ஏன் போகக் கூடாது என்று மாமா கேட்டார். ஆசிரியர்கள் தொழிலாளர் இல்லை என்று 1988-ல் சுந்தராம்பாள் வழக்கில் சொன்னார்கள். ஆபீஸ் ஊழியர்களுக்கு அந்தத் தடை இல்லை. ஆனால் கண்காணிப்பாளர் என்பதால் மேற்பார்வை செய்கிறவர், தொழிலாளர் ஆக மாட்டார் என்று ஒரு சண்டை போடுவார்கள். உங்கள் கல்லூரியில் கூட நின்று தூக்கிப் பிடிக்க ஒரு சங்கமும் இல்லை. இப்போதைக்கு அந்தப் பக்கம் வேண்டாம்.

இனி நாளைக் காலையில் செய்ய வேண்டியது. வேலைக்குப் போங்கள். கவுண்டரில் உட்காரச் சொன்னால் உட்காருங்கள். வயிறு எரியும், தெரியும். ஆனால் போகாமல் இருந்தால் சொல்லாமல் வேலைக்கு வரவில்லை என்று மெமோ கொடுத்து, இல்லாத குற்றத்தை அவர்களே உண்டாக்கிக்கொள்வார்கள். போகிற அன்றே ஒரு கடிதம் கொடுங்கள்: இந்த உத்தரவை நான் ஏற்கவில்லை, என் உரிமைகளுக்குப் பங்கமின்றி, ஆட்சேபணையுடன் மட்டுமே இந்தப் பணியைச் செய்கிறேன் என்று. ஆபீஸ் தபால் பிரிவில் வாங்கிக்கொண்டு சீல் போட மறுத்தால் சண்டை வேண்டாம். வெளியே வந்து போஸ்ட் ஆபீசில் ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்ட் அனுப்பி, ரசீதைப் பத்திரமாக வையுங்கள். "ஏற்றுக்கொள்கிறேன்", "சம்மதம்" என்று டைப் அடித்த எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள். குறைந்த சம்பளத்தை வாங்கிக்கொள்ளுங்கள். வாங்கியதால் சம்மதித்துவிட்டதாக ஆகிவிடக் கூடாது, அதற்குத்தான் அந்த ஆட்சேபணைக் கடிதம்.

"கோர்ட்டுக்குப் போனால் தாலியை விற்கணும்" என்று அத்தை பயமுறுத்தியிருக்கிறார். அவருக்குச் சொல்லுங்கள்: 1987-ம் வருஷத்துச் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தில் பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு, வருமானம் எவ்வளவு என்று கேட்க மாட்டார்கள். அந்த ஆணைக்குழுவின் ஆபீஸ் ஹைகோர்ட் வளாகத்திலேயே இருக்கிறது. 15100-க்குப் போன் செய்தாலும் வழி சொல்வார்கள். நேரம்தான் ஆகும், அதை நான் மறைக்கவில்லை. வாய்தா மேல் வாய்தா போகும். நிர்வாகம் கவுன்ட்டர் (பதில் மனு) போடவே மாசக்கணக்கில் இழுப்பார்கள். அதற்குள் உத்தரவுக்கு ஸ்டே (இடைக்காலத் தடை) கிடைத்தால் பழைய மேஜைக்குத் திரும்பலாம். கிடைக்காவிட்டால் தீர்ப்பு வரை கவுண்டரில்தான்.

எங்கள் சீனியர் கட்டைப் பார்த்துத் தருகிறேன் என்று சொல்லிவிட்டார். சனிக்கிழமை மதியம் கல்லூரி முடிந்ததும் தம்புச் செட்டித் தெருவுக்கு வாருங்கள், மாமாவையும் கூட்டிக்கொண்டு. நியமன உத்தரவு, பதவி உயர்வு உத்தரவு, இந்த நாலு வரி உத்தரவின் ஒரிஜினல், அது கையில் கிடைத்த தேதி தெரிகிற கவர், இரண்டு மாத சம்பளப் பட்டியல், இவ்வளவும் வேண்டும். மேல்முறையீட்டு மனுவை அன்றைக்கே டைப் அடித்துவிடலாம்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி