விதைக்கு விட்ட காய்

அத்தை,

பாப்பாதான் இதை உங்களுக்கு வாசித்துக் காட்டப் போகிறாள், அதனால் முதலில் அவளுக்கு ஒரு வார்த்தை. பாப்பா, உன் அம்மா அடுப்படியில் இருக்கிற நேரமாகப் பார்த்து, ஆயாவைப் பால்கனியில் உட்கார வைத்து மெதுவாக வாசி. நடுவில் ஒரு இடத்தில் தாண்டிப் போகச் சொல்லியிருப்பேன், அங்கே தாண்டிவிடு. தாண்டமாட்டாய் என்று தெரியும், இருந்தாலும் சொல்லிவைக்கிறேன்.

இதையெல்லாம் எல்லோரும் படிக்கிற இடத்தில் எழுதாமல் போனில் சொன்னால் என்ன என்பீர்கள். போனில் நாம் பேசுவது சாப்பிட்டீங்களா, சாப்பிட்டேன், மாத்திரை போட்டீங்களா, போட்டேன், சரி வெச்சிடட்டுமா. மூன்று வருடமாக அவ்வளவுதான். கடலூருக்கும் பாண்டிக்கும் நடுவில் 22 கிலோமீட்டர், பஸ் ஏறினால் ரெட்டிச்சாவடி, கன்னியக்கோயில், அரியாங்குப்பம் என்று ஒரு மணி நேரத்தில் உங்கள் வாசலில் வந்து இறங்கலாம். நான் வரவில்லை. நீங்களும் வரவில்லை. இந்த மாசி மகத்துக்கும் தேவனாம்பட்டினத்துக்குக் கூட்டம் போயிற்று, தீர்த்தவாரிக்குச் சாமி போகிற மேளம் கேட்டபோது நான் கொல்லையில் வெண்டைக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தேன். மூன்று வருடம் முன்னால் வீட்டை விட்டுப் போன அன்றைக்கு நீங்கள் ஆட்டோ கிடைக்காமல் பையைத் தூக்கிக்கொண்டு தெருமுனை வரை நடந்தது ஞாபகம் வந்துவிட்டது. எழுதிவிடலாம் என்று அப்போது தோன்றியது. தோன்றி மூன்று வாரம் ஆகிறது, பங்குனி பாதி போய்விட்டது.

கொல்லை விஷயத்தை வேறு யாரும் உங்களிடம் சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். கிணற்றிலிருந்து துவைக்கிற கல் வரைக்கும் சிமெண்டு போடுவதற்குச் சரி என்று சொல்லிவிட்டேன். ஒரு ரூம், ஒரு பாத்ரூம், வெளியிலிருந்து போக ஒரு வழி. பெரியவனுக்கு அடுத்த வருடம் காலேஜ், வாடகை வந்தால் பஸ் செலவுக்காவது ஆகும். முருங்கை போய்விடும். கருவேப்பிலையைத் தொடக்கூடாது என்று மேஸ்திரியிடம் சொல்லியாயிற்று. இருப்பதே ஒரு சென்ட், அதில் பாதி மிச்சம், 200 சதுர அடிக்குக் கொஞ்சம் மேலே.

உங்கள் மகன் மூன்று வருடமாக இதைக் கேட்டுக்கொண்டிருந்தார், மூன்று வருடமாக மறித்தது நான். இதை அவர் உங்களிடம் சொல்லியிருக்கமாட்டார். "அவதான் சிமெண்டு போடச் சொல்றா" என்று சொல்லியிருந்தாலும் சொல்லியிருப்பார், அவர் சுபாவம் உங்களுக்குத் தெரியாததா. நீங்கள் இருந்திருந்தால் மேஸ்திரி அந்த வாசப்படியைத் தாண்டியிருக்கமாட்டார். நீங்கள் இல்லை. ஆள் இல்லாத இடத்தில் யார் நிற்பது? நான் எவ்வளவு நாள் நிற்பது?

மண் இப்போது உங்கள் மண் இல்லை, அதையும் சொல்லவேண்டும். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் உங்கள் பக்கம் கரை கடந்தபோது நீங்கள் மூன்றாம் மாடியில் கரெண்டு இல்லாமல் இருந்தீர்கள், எங்களுக்கு அன்றைக்கு வெறும் மழைதான். தண்ணீர் வந்தது அதற்கப்புறம். சாத்தனூர் அணையில் திறந்துவிட்ட தண்ணீர் பெண்ணையாற்றில் வந்து, கரை வழிந்து, கொல்லைக் கதவுக்குக் கீழே முதலில் நுரையாக நுழைந்து, அப்புறம் கதவையே தள்ளிக்கொண்டு இரண்டாம் படி வரை ஏறியது. வடிந்த பிறகு பார்த்தால் நான்கு விரற்கடை உயரத்துக்கு வண்டல். காலை வைத்தால் செருப்பு அங்கேயே நின்றுவிடும். கத்தரி அழுகிப்போயிற்று, மிளகாய் ஒன்றுகூட மிஞ்சவில்லை. நாற்றம் ஒரு வாரம். ஆனால் தை பிறந்து வெயில் வந்து அந்த வண்டல் பாளம் பாளமாக வெடித்ததும், அதைக் கொத்தி நம்முடைய மணலோடு கலந்துவிட்டேன். காலையில் ஊற்றினால் பத்து மணிக்குக் காய்ந்து கிடக்குமே நம் மண், இப்போது சாயங்காலம் விரலை விட்டுப் பார்த்தாலும் ஈரம் இருக்கிறது. முளைக்கீரையை இருபத்திநாலாம் நாள் பிடுங்கினேன், வேர் முழுசாக வந்தது.

என் கைக்குக் கீரைகூட முளைக்காது என்று சொன்னவர் நீங்கள். முளைத்திருக்கிறது.

வெண்டை இரண்டு வரிசை. ஐந்து செடி மஞ்சள் நரம்பு ஓடிப்போய் இலையெல்லாம் வலை போட்டதுபோல ஆகிவிட்டது, வெள்ளை ஈ கொண்டுவருகிற சீக்கு, மருந்து கிடையாது, மனசைக் கல்லாக்கிக்கொண்டு பிடுங்கித் தூரப் போட்டேன். மிச்சத்துக்கு வேப்பெண்ணெய் அடிக்கிறேன். முதல் காய் நேற்றுதான் பறித்தேன், மூன்றே மூன்று, சாம்பாரில் தேடிப் பிடிக்கவேண்டியிருந்தது. புடலைக்குப் பந்தல் சின்னதாகப் போட்டு, வளைகிற காய்க்கெல்லாம் நூலில் கல் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன், நீங்கள் செய்கிற மாதிரியேதான். சின்னவன் கல்லுக்குப் பதிலாக நட்டு போல்ட்டைக் கட்டிவைத்திருக்கிறான். மீன் அமிலமும் போட்டேன். துறைமுகத்திலிருந்து குடலும் தலையுமாக ஒரு கிலோ வாங்கிவந்து அதே எடைக்கு வெல்லம் போட்டு மூடி வைத்தேன், ஒரு மாதத்தில் தேன் மாதிரி ஆகிவிட்டது, லிட்டருக்கு ஐந்து மில்லி. தெளித்த அன்றைக்குத் தெருவில் உள்ள பூனையெல்லாம் நம் மதில்மேல். மீன் கழுவிய தண்ணீரை முருங்கைக்கு ஊற்றுவீர்களே, அதைத்தான் இப்போது யூடியூபில் பெரிய கண்டுபிடிப்பாகச் சொல்கிறார்கள். கொடியின் நுனியைக் கிள்ளச் சொல்வீர்கள் அல்லவா, அதற்கு 3ஜி கட்டிங் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

சரி. சுரைக்காய்க்கு வருகிறேன்.

நீங்கள் போன பிறகு யார் கேட்டாலும் ஒரே பதில்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்: "எனக்குத் தெரியாது, கறிக்கு விட்டிருக்காங்கன்னு நெனச்சி அறுத்துட்டேன்." இவரிடம் அதையே சொன்னேன். பாண்டி அக்காவிடம் அதையே சொன்னேன். என் அம்மாவிடம்கூட அதைத்தான் சொன்னேன். எல்லோரும் நம்பினார்கள், ஏனென்றால் எனக்குத் தோட்டம் தெரியாது என்று எல்லோருக்கும் நீங்களே சொல்லிவைத்திருந்தீர்கள்.

தெரியும் அத்தை.

பந்தலின் தென்மேற்கு மூலையில் தொங்கியது. உங்கள் பழைய நீலப் புடவையின் கரையைக் கிழித்துக் காம்பில் முடிச்சுப் போட்டிருந்தீர்கள். முடிச்சைப் பார்த்தேன். பார்த்தும் போதாதென்று நகத்தால் அழுத்தினேன். சுரைக்காய் வாங்கும்போது நகம் இறங்கினால் பிஞ்சு, இறங்காவிட்டால் முற்றல் என்று கல்யாணமாகி வந்த புதிதில் உழவர் சந்தையில் நிற்க வைத்துச் சொல்லிக்கொடுத்ததே நீங்கள்தான். நகம் இறங்கவில்லை. காயின் மேல் இருக்கும் பூனைமுடி எல்லாம் உதிர்ந்து, தோல் வழுவழுவென்று, தட்டினால் மரம் மாதிரி. இன்னும் ஒரு மாதம் விட்டிருந்தால் விதை ஆகியிருக்கும். முடிச்சை அவிழ்த்து, துணியை மடித்துப் பந்தக்காலில் சொருகிவிட்டு, காம்பை அறுத்தேன். துணியை ஏன் மடித்து வைத்தேன் என்று இன்றைக்கு வரைக்கும் எனக்கே தெரியவில்லை.

பாப்பா, இந்தப் பத்தியைத் தாண்டிப் போ. அன்று காலையில் திண்ணையில் உங்கள் அண்ணன் வீட்டார் உட்கார்ந்திருக்கும்போது நீங்கள் சொன்ன அந்த வார்த்தையை நான் இங்கே எழுதப்போவதில்லை. இதைப் படிப்பவர்களில் நம் சொந்தக்காரர்கள் பாதிப் பேர். என்னைச் சொல்லியிருந்தால் பதினாறு வருடமாகக் கேட்டதோடு சேர்த்துக் கேட்டிருப்பேன். நீங்கள் என்னைச் சொல்லவில்லை, இல்லாதவர்களைச் சொன்னீர்கள். அவ்வளவுதான் எழுதமுடியும். நான் காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய், அங்கிருந்து அப்படியே கொல்லைக்குப் போனேன்.

அரிவாள்மனையில் வழுக்கி வழுக்கிப் போயிற்று. குக்கரில் கடலைப்பருப்போடு ஆறு விசில் விட்டும் சதை மட்டும்தான் வெந்தது, விதை வேகவில்லை, பல்லில் கடக் கடக்கென்றது. நீங்கள் கத்துவீர்கள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், அத்தோடு முடிந்திருக்கும். நீங்கள் தட்டைப் பார்த்தீர்கள், என்னைப் பார்க்கவில்லை. கூட்டைச் சோற்றில் பிசைந்து முழுவதும் சாப்பிட்டீர்கள். விதைகளை மட்டும் ஒவ்வொன்றாக வாயிலிருந்து எடுத்துத் தட்டின் ஓரத்தில் வரிசையாக வைத்தீர்கள். எழுந்து கை கழுவி, அந்த விதைகளையும் கழுவி, கொண்டுபோய்த் துவைக்கிற கல்லின்மேல் காய வைத்தீர்கள்.

வெந்த விதை முளைக்காது என்று உங்களுக்குத் தெரியாதா! சாயங்காலம் எறும்பு இழுத்துக்கொண்டு போயிற்று. நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

2011 டிசம்பர் 30 காலையில் தானே புயலில் பலா வேரோடு சாய்ந்து பாத்ரூம் கூரையை நொறுக்கியபோது நீங்கள் என்ன சொன்னீர்கள்? "விறகாச்சு போ" என்றீர்கள். அத்தனை பெரிய மரத்துக்கு விறகாச்சு, ஒரு சுரைக்காய்க்கு வீட்டையே விட்டுப் போவார்களா என்று நானே பல ராத்திரி கேட்டுக்கொண்டேன். பலாவைக் காற்று சாய்த்தது, இதை நான் அறுத்தேன், தெரிகிறது. உங்கள் அம்மா வீட்டிலிருந்து வந்த விதை, வருடா வருடம் ஒரே ஒரு காயை விட்டு எடுத்தது, அதுவும் தெரியும். மன்னித்துவிடுங்கள். மூன்று வருடம் பொய் சொன்னதற்கும் சேர்த்து.

ஆனால் நீங்களும் ஒன்று செய்தீர்கள். புடவைப் பையை எடுப்பதற்கு முன்னால் பரண்மேலிருந்து விதை டின்னை இறக்கினீர்கள். சாம்பலும் வேப்பிலையும் போட்டு வைத்திருந்த அவரை, கொத்தவரை, முள்ளுக்கத்தரி, தண்டுக்கீரை, அத்தனையும். முந்தின வருடத்துச் சுரை விதையும் அதில் பத்தோ பன்னிரண்டோ இருந்தது. இல்லை என்று சொல்லாதீர்கள், பொங்கலுக்குப் பரண் துடைக்கும்போது நானே குலுக்கிப் பார்த்தேன். மூன்றாம் மாடியில் அவரையை எங்கே ஏற்றப் போகிறீர்கள்? பாப்பா அனுப்பின போட்டோவில் பால்கனியில் ஒரு துளசித் தொட்டியும் ஒரு கற்பூரவல்லியும்தான் இருக்கிறது. நான் காசு கொடுத்துப் பாக்கெட் விதை வாங்கினேன். முதல் வருடம் கத்தரி பிய்த்துக்கொண்டு காய்த்தது, சந்தோஷப்பட்டு ஒரு காயை விதைக்கு விட்டு மறுவருடம் போட்டால் ஒரு செடி நீளம், ஒரு செடி உருண்டை, ஒரு செடியில் காயே இல்லை. ஒட்டு விதை அப்படித்தானாம், கடைக்காரர் சிரிக்கிறார். டின்னைக் கொடுங்கள் என்று அப்போது கேட்டிருக்கலாம். வாய் வரவில்லை. அறுத்தவளுக்கு ஏது வாய்?

மூன்று வருடமாகச் சுரை மட்டும் போடவே இல்லை. இந்த வருடமும் போடவில்லை, அதுவாக வந்தது. மார்கழியில் வண்டலில் இரண்டு இலையோடு எட்டிப் பார்த்தது. திருக்கோவிலூர்ப் பக்கம் யார் வீட்டுக் குப்பையிலிருந்து அடித்துக்கொண்டு வந்ததோ தெரியாது. தானாக முளைத்த சுரையை நம்பாதே, பேய்ச்சுரையாக இருந்தால் குடலைப் புரட்டிவிடும் என்பீர்கள், அதனால் முதல் பிஞ்சில் ஒரு துணுக்கு நாக்கு நுனியில் வைத்துப் பார்த்துத் துப்பினேன். கசப்பில்லை. உங்களுடையது மாதிரிக் குண்டு இல்லை, நீட்டுக்காய், பச்சை கொஞ்சம் வெளுப்பு. சாயங்காலம் ஆறரைக்குப் பூ விரிகிறது, வெள்ளையாக, பட்டுத்துணியைக் கசக்கிப் பிரித்த மாதிரி. ஈயோ வண்டோ வரக் காணோம், போன் வெளிச்சத்தில் ஆண் பூவைப் பறித்து இதழை மடக்கி, பிஞ்சோடு இருக்கிற பூவில் நானே தொட்டு வைக்கிறேன். இவர் மாடியிலிருந்து பார்த்துவிட்டு, என்னத்தத் தேடற என்கிறார்.

நாலு காய் கறிக்கு ஆயிற்று. பக்கத்து வீட்டுக்கு ஒன்று. ஒன்றை விட்டிருக்கிறேன். நீலத்துணி பந்தக்காலிலேயே மூன்று வருடம் வெயிலில் கிடந்து வெள்ளத்தில் போய்விட்டது, என் நைட்டியிலிருந்து ஒரு துண்டு கிழித்துக் கட்டியிருக்கிறேன். பூத்து 36 நாள் ஆகிறது. நகம் இறங்கவில்லை, முடி உதிர்ந்துவிட்டது, நிறம் இன்னும் பச்சைதான். கொடி காய்ந்த பிறகு ஆட்டினால் உள்ளே கலகலவென்று கேட்கவேண்டும் என்று சொல்வீர்கள், அது வரைக்கும் சரி. ஆனால் அதற்கு எத்தனை நாள்? மேஸ்திரி சித்திரை பத்தாம் தேதி வருகிறேன் என்கிறார், பந்தல் பாதி அவர் பக்கம் இருக்கிறது. பச்சையிலேயே அறுத்து நிழலில் தொங்கவிட்டால் விதை முற்றுமா, முற்றாதா? முற்றாது என்றால் அவரை வைகாசிக்கு வரச் சொல்லிவிடுகிறேன். பாப்பாவிடம் ஒரு வரி டைப் பண்ணச் சொல்லுங்கள்.