பெரியப்பா, உங்கள் கை போலவே ஒரு கை

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை போனில் பேசும்போது, "அந்த ஊர்க் கோட்டையெல்லாம் எதை வச்சுக் கட்டியிருக்காங்க? அப்ப சிமென்ட் ஏது?" என்று கேட்டீர்கள். "சுண்ணாம்புதான் பெரியப்பா" என்று ஒரு வார்த்தையில் முடித்துவிட்டேன். போனை வைத்த பிறகு மனசு கேட்கவில்லை. நாற்பது வருஷம் சுண்ணாம்புக் காரையோடு வாழ்ந்த மனிதருக்கு ஒரு வார்த்தையா பதில்? பாண்டிச்சேரியில் கடற்கரை ஓரத்துப் பழைய பிரெஞ்சு வீடுகளில் உங்கள் கரண்டி படாத தெரு உண்டா? அதனால்தான் இந்தக் கடிதம். பொறுமையாகப் படியுங்கள். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

இங்கே வந்து பதினோரு வருஷம் ஆகிறது. ஊரிலிருந்து யார் வந்தாலும் ஈஃபிள் கோபுரம், வெர்சாய் அரண்மனை என்று அதே வட்டத்தில்தான் சுற்றிக் காட்டியிருக்கிறேன். இந்த மே மாசம் நாலு நாள் லீவு கிடைத்தது. காரை எடுத்துக்கொண்டு பாரிஸுக்குத் தெற்கே, பர்கண்டி பக்கம் போனோம். நெடுஞ்சாலையை விட்டு இறங்கிவிட்டால் வேறு நாடு. வயல் முழுக்க மஞ்சளாகக் கடுகுச் செடி மாதிரி ஒரு எண்ணெய்ப் பயிர், மேட்டில் வெள்ளை மாடுகள், கொஞ்ச தூரத்துக்கு ஒரு சின்ன ஊர். ஊருக்கு நடுவில் சர்ச், அதன் ஊசிக் கோபுரத்து உச்சியில் தகரச் சேவல். பக்கத்தில் 1914 முதல் 1918 வரை நடந்த போரில் செத்த அந்த ஊர்ப் பிள்ளைகளின் பெயர் பொறித்த கல். முப்பது வீடுதான் இருக்கும், கல்லில் இருபது பெயர் இருக்கும். பீச் ரோட்டில் நம் ஊரிலும் அந்தப் போருக்கு ஒரு நினைவுத் தூண் நிற்கிறதே, அது ஞாபகம் வந்தது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். த்ரெஞி என்ற ஊருக்குப் பக்கத்தில், ஓக் காட்டுக்கு நடுவே, கெட்லோன் என்று ஒரு கோட்டை இருக்கிறது. ஆனால் அது பழைய கோட்டை இல்லை. 1997இல் அடிக்கல் நட்டு இன்னும் கட்டிக்கொண்டே இருக்கிறார்கள். 13ஆம் நூற்றாண்டில் எப்படிக் கட்டியிருப்பார்களோ அப்படியே, அந்தக் காலத்துக் கருவிகளை மட்டும் வைத்து. பக்கத்திலேயே சேன் ஃபர்ஜோ என்ற ஊரில் செங்கல் அரண்மனை ஒன்று உண்டு. அதைச் செப்பனிட்டு வந்த மிஷேல் கியோ என்பவர், ஆய்வு செய்தவர்கள் அந்தச் செங்கலுக்கு உள்ளே இன்னொரு பழைய கல்கோட்டை ஒளிந்திருக்கிறது என்று சொன்னதும், அப்படி ஒன்றைப் புதிதாகக் கட்டினால் என்ன என்று ஆரம்பித்தாராம். கட்டி முடித்து யாரும் குடிபோகப் போவதில்லை. கட்டுவதன் மூலமாகவே பழைய ஆட்கள் எப்படிக் கட்டினார்கள் என்று கற்றுக்கொள்வதுதான் நோக்கம். பார்க்க வருகிறவர்கள் கொடுக்கும் டிக்கெட் காசில் கொத்தனாருக்கும் தச்சருக்கும் கொல்லருக்கும் மாசச் சம்பளம் போகிறது.

கல்லும் அங்கேயே வெட்டுகிறார்கள். இரும்புச் சத்துள்ள, பழுப்பும் சிவப்புமான மணற்கல். கல் வெட்டுகிறவர் பாறையைச் சுத்தியலால் தட்டிக் காது கொடுத்துக் கேட்கிறார். அந்தச் சத்தத்தை வைத்தே கல்லுக்குப் பெயர்: பிஃப், பாஃப், பூஃப். கணீரென்று வந்தால் பிஃப், நல்ல கெட்டிக் கல். மொத்தென்று வந்தால் பூஃப், பாரம் தாங்கும் இடத்துக்கு ஆகாது. நம் சிற்பிகள் சத்தம் கேட்டு ஆண் கல், பெண் கல் என்று பிரிப்பதை நீங்கள் எனக்குத் திருவக்கரைக்குப் போனபோது சொல்லிக் கொடுத்தீர்கள். அன்றைக்கு அரைக் காதில் வாங்கினேன். இங்கே அந்தக் குழிக்குள் நின்று "பிஃப்" என்று கேட்டபோதுதான் முழுசாக விளங்கியது.

மூலைமட்டம் எப்படிப் பார்க்கிறார்கள் தெரியுமா? ஒரே கயிறு. சமமான தூரத்தில் 13 முடிச்சு, நடுவில் 12 இடைவெளி. அதை மூன்று, நாலு, ஐந்து என்று முக்கோணமாக இழுத்துப் பிடித்தால் மூலை கச்சிதமாக வந்து நிற்கிறது. வாணம் தோண்டும் இடத்தில் நீங்கள் டேப்பைப் பிடித்துக்கொண்டு "மூணு, நாலு, அஞ்சு... பிடிடா" என்று என்னை அதட்டுவீர்களே, அதேதான்! என் பெண் அந்தக் கயிற்றின் ஒரு முனையைப் பிடித்தாள். அவளுக்கு ஏழு வயசு. உங்கள் கதையை அங்கேயே அவளுக்குச் சொன்னேன்.

அளவுகோலும் உடம்புதான். ஒரு குச்சியில் உள்ளங்கை அகலம், சாண், அடி, முழம் என்று கோடு போட்டு வைத்திருக்கிறார்கள். மட்டத்துக்கு ஒரு மரச் சட்டம், அதிலிருந்து தொங்கும் தூக்குக்குண்டு. ரசமட்டம் கிடையாது.

சுவரைப் பற்றிச் சொல்கிறேன். வெளிப்பக்கம் ஒரு வரிசை, உள்பக்கம் ஒரு வரிசை, முகம் பார்த்து அடுக்கிய கல். இரண்டுக்கும் நடுவில் உடைகல்லையும் காரையையும் கொட்டி நிரப்புகிறார்கள். மேலே ஒரு ஆள் காலை நீட்டிப் படுக்கலாம், அவ்வளவு கனம். கல்லை மேலே ஏற்றுவதற்கு ராட்சச மரச் சக்கரம் ஒன்று, அதற்குள் ஆள் நடக்கிறார். அவர் நடக்க நடக்கச் சக்கரம் சுற்றி, கயிறு சுருண்டு, கல் மெதுவாக மேலே வருகிறது. வேகம் என்பதே இல்லை. அரை மணி நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன், ஐந்தாறு கல்தான் ஏறியிருக்கும். மேலே நிற்கிற கொத்தனார் அவசரப்படவில்லை. வந்த கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, அதற்கு எந்த முகம் என்று முடிவு செய்துகொண்டிருந்தார்.

கோபுரத்துக்குள் போனால் கல் வளைவுக் கூரை. அதைக் கட்டும்போது கீழே மரத்தால் வளைவு செய்து தாங்கக் கொடுத்து, அதன் மேல் கல்லை அடுக்கி, காரை இறுகிய பிறகு மரத்தைக் கழற்றிவிடுகிறார்கள். கான்கிரீட் தளத்துக்குப் பலகை அடிக்கும்போது நாம் "சென்ட்ரிங்" என்கிறோமே, அந்தச் சொல் முதலில் இந்த மர வளைவுக்குத்தான் பெயர். மரத்தைக் கழற்றுகிற நாளில் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்களாம். கல் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு தானாக நிற்க வேண்டும், வேறு பிடிமானம் இல்லை.

பனிக்காலத்தில் வேலை கிடையாது. ஈரம் காயாத சுண்ணாம்பில் உறைபனி பட்டால் காரை பொரிந்துவிடும். அதனால் சுவரின் தலையை மூடி வைத்துவிட்டு வசந்தம் வரும்வரை காத்திருக்கிறார்கள். முப்பது வருஷத்தை நெருங்கும் வேலை, அதிலும் வருஷத்துக்குச் சில மாசம் நிறுத்தம். யாரும் அதைத் தாமதம் என்று சொல்வதில்லை. 2019 ஏப்ரலில் பாரிஸ் நோத்ர தாம் கதீட்ரலின் கூரை எரிந்ததே, அதைத் திரும்பக் கட்டும்போது ஓக் மரத்தைக் கோடரியால் செதுக்கி உத்தரம் செய்ய ஆள் தேவைப்பட்டது. கெட்லோனில் கை பழகிய தச்சர்களும் அந்த வேலையில் இருந்தார்கள். மெதுவாகக் கற்ற வேலை அவசரத்துக்கு உதவியது.

கெட்லோனுக்குக் கால் மணி நேரத் தூரத்தில் முத்தியே என்று ஒரு கிராமம். டூரிஸ்ட் யாரும் இல்லை, சர்ச் கதவைத் தள்ளினால் திறக்கிறது. உள்ளே சுவர் முழுக்கக் காவி, மஞ்சள் நிறத்தில் பைபிள் கதைகள். எப்போதோ யாரோ மேலே வெள்ளையடித்துவிட்டார்கள், 1980களில்தான் அடியிலிருந்து ஓவியம் வெளியே வந்தது. அந்த வட்டாரமே காவி மண்ணுக்குப் பேர்போனது. காலுக்குக் கீழே கிடக்கும் மண்ணையே சுவரில் ஏற்றியிருக்கிறார்கள். நாங்கள் மூன்று பேர் மட்டும் அங்கே உட்கார்ந்திருந்தோம். ஒரு வண்டு ஜன்னலில் முட்டும் சத்தம்தான்.

அடுத்த நாள் வெசெலே. ஒரு குன்று, மேலே ஏறும் ஒரே தெரு, தெரு முடியும் இடத்தில் மரிய மதலேனாள் பெயரில் பெரிய கோயில். 1146இல் பெர்னார்த் என்ற துறவி இரண்டாம் சிலுவைப் போருக்கு ஆள் திரட்டிப் பேசிய ஊர் இது. 1840இல் இடிந்து விழும் நிலையில் இருந்த கோயிலை, 26 வயசுப் பையன் ஒருவனிடம் ஒப்படைத்தார்கள். வியோலே லெ துக் என்று பெயர். அவர்தான் தூக்கி நிறுத்தினார். இன்றைக்கு அவர் அதிகமாகவே மாற்றிவிட்டார் என்று குறை சொல்கிறவர்களும் உண்டு. அவர் இல்லையென்றால் குறை சொல்லக்கூடக் கோயில் இருந்திருக்காது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

உள்வாசலுக்கு மேலே அரைவட்டமாக ஒரு சிற்பம். நடுவில் இயேசு, விரலிலிருந்து கதிர் கதிராகச் சீடர்கள் தலையில் இறங்குகிறது. சுற்றிலும் உலகத்தின் கடைக்கோடி ஜனங்கள். முறம் மாதிரி காதோடு ஒரு குடும்பம், ஏணி வைத்துக் குதிரை ஏறும் குள்ளர்கள், நாய்த்தலை மனிதர்கள். நாய்த்தலை மனிதர்கள் இந்தியாவில் இருப்பதாகப் பழைய கிரேக்கர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். அப்படியென்றால் 900 வருஷத்துக்கு முன்பு இந்தக் கல்லைச் செதுக்கியவர், கண்ணால் பார்த்திராத நம் பக்கத்து ஜனங்களையும் நினைத்திருக்கிறார். அவர்களையும் வாசலில் சேர்த்துக்கொண்டாரே என்று எனக்கு நெகிழ்ச்சியாக இருந்தது.

ஒரு தூண் தலைப்பில் ஒருவர் மாவரைக்கும் இயந்திரத்தில் தானியம் கொட்டுகிறார், இன்னொருவர் கீழே சாக்கைப் பிடித்து மாவை வாங்குகிறார். கொட்டுகிறவர் மோசே, வாங்குகிறவர் பவுல், பழைய ஏற்பாடு அரைபட்டுப் புதிய ஏற்பாடாகிறது என்று அர்த்தமாம். எனக்கு அர்த்தத்தைவிட அந்தச் சாக்கின் மடிப்புதான் பிடித்தது. கல்லில் துணி தொங்குகிறது. கோயிலைக் கட்டியவர்கள் சூரியனையும் கணக்கில் எடுத்திருக்கிறார்கள். ஜூன் 21ஆம் தேதியை ஒட்டி, உச்சி வேளையில், தெற்கு ஜன்னல்களின் வெளிச்சம் தரையின் நட்டநடுவில் வரிசையாகப் புள்ளி புள்ளியாக விழுந்து பீடம் வரைக்கும் பாதை போடும். நாங்கள் போனது மே மாசம், பாதை கொஞ்சம் ஒதுங்கியிருந்தது.

கடைசி நாள் மோர்வான் மலைக்காட்டைத் தாண்டி ஓத்தன் போனோம். அங்கேயும் வாசல் சிற்பம்தான், கடைசித் தீர்ப்பு. உயிர்த்தெழுந்து நிற்கும் ஒரு ஆளின் தலையை எங்கிருந்தோ வந்த இரண்டு பெரிய கை கவ்வுகிறது. அதைப் பார்த்து என் பெண் என் பின்னால் ஒளிந்துகொண்டாள். இயேசுவின் காலடியில் லத்தீனில் "கிஸ்லெபெர்த்துஸ் இதைச் செய்தார்" என்று வெட்டியிருக்கிறது. சிற்பியின் பெயர் என்று பலரும், பணம் கொடுத்தவர் பெயர் என்று சிலரும் சொல்கிறார்கள். நான் சிற்பி கட்சி. 1766இல் இந்தச் சிற்பம் நாகரிகமாக இல்லை என்று கோயில் குருமார்களே மேலே சாந்து பூசி மூடிவிட்டார்கள். முன்னால் துருத்திக்கொண்டிருந்த இயேசுவின் தலையை உடைத்து எடுத்துவிட்டார்கள். இருபத்து மூன்று வருஷத்தில் பிரெஞ்சுப் புரட்சி வந்தது. எத்தனையோ கோயில் சிலைகளை உடைத்தார்கள். க்ளுனி மடத்தின் பெரிய கோயிலையே கல்லுக்காக விற்று இடித்தார்கள். ஓத்தன் சிற்பம் பூச்சுக்குள் பத்திரமாக இருந்தது. 1837இல் பூச்சை உரித்தார்கள், 1948இல் தலை திரும்ப வந்து சேர்ந்தது. அதே கோயிலின் இன்னொரு வாசலில் இருந்த ஏவாள் சிற்பத்தை 1856இல் ஒரு வீட்டை இடிக்கும்போது சுவருக்குள் செங்கல் மாதிரி வைத்துக் கட்டியிருந்ததாகக் கண்டெடுத்தார்கள். இப்போது மியூசியத்தில் இருக்கிறாள். படுத்தபடி, கன்னத்தில் ஒரு கையை வைத்து, மறு கையைப் பின்னால் நீட்டி, பார்க்காமலே பழத்தைப் பறிக்கிறாள்.

பெரியப்பா, மிஷன் வீதிப் பக்கம் ஒரு வீட்டில் பழைய சுண்ணாம்புச் சுவர் மேல் சிமென்ட் பூசச் சொன்னார்கள் என்று பாதி வேலையில் கரண்டியைக் கழுவிக்கொண்டு வந்துவிட்டீர்கள், நினைவிருக்கிறதா? "செவுரு மூச்சு வாங்க வேணாமா?" என்று அன்று ராத்திரி சாப்பிடாமல் சொல்லிக்கொண்டே இருந்தீர்கள். கூலி போனதே என்றுதான் எனக்கு அன்று வருத்தம். கெட்லோன் கொத்தனார் ஒருவர், கிட்டத்தட்ட உங்கள் வயசு, அதே வார்த்தையை என்னிடம் பிரெஞ்சில் சொன்னார். சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே மாட்டிக்கொண்டு கல்லைத் தின்றுவிடும், சுவர் மூச்சு விட வேண்டும் என்றார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. உங்களைப் பற்றிச் சொன்னேன். காரைத் தொட்டியிலிருந்து ஒரு கை அள்ளி என் உள்ளங்கையில் வைத்தார். சுண்ணாம்பும் மணலும், அந்த மண்ணின் செம்மை ஏறிய காரை. விரலால் தேய்த்தேன். வீட்டுக்கு வரும்போது உங்கள் சட்டையில் வரும் அதே வாசனை.

அப்புறம் அவர் கேட்டார், உங்கள் ஊரில் சுண்ணாம்பில் என்ன கலப்பீர்கள் என்று. கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் என்றேன். வியந்து போய், சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்து எழுதிக்கொண்டார். கடுக்காய் எவ்வளவு, வெல்லம் எவ்வளவு, எத்தனை நாள் ஊற வைப்பீர்கள் என்று வரிசையாகக் கேட்டார். எனக்கு ஒன்றுக்கும் பதில் தெரியவில்லை. கேட்டு அனுப்புகிறேன் என்று சொல்லி முகவரி வாங்கி வந்திருக்கிறேன்.

ஒரு மூட்டை சுண்ணாம்புக்குக் கணக்கு என்ன என்று உங்கள் கையாலேயே எழுதி அனுப்புங்கள். நான் பிரெஞ்சில் எழுதி அவருக்குத் தபாலில் போடுகிறேன். பெரியம்மாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள். பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பம் போட்டீர்களா? அடுத்த ஜூன் 20ஆம் தேதிக்குள் நீங்கள் இங்கே இருக்க வேண்டும்.

அன்புடன்,
உங்கள் தம்பி மகன்