என் வன்தட்டில் குடியிருப்பவர் யார்?

இயங்குதளம் வடிவமைக்கும் நிறுவனத்தாருக்கு,

வணக்கம்.

வீட்டுக் கணினிகளில் வன்தட்டு இடம் காணாமல் போவதைப் பற்றி உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அது எங்கே போகிறது என்று தெரிந்தவர்கள் நீங்கள் மட்டும்தான். ஆகவே நேராகவே கேட்டுவிடுகிறேன். என் தட்டில் நீங்கள் எடுத்துக்கொள்ளும் இடத்துக்குக் கணக்குக் காட்டுங்கள். எந்தக் கோப்பு, எத்தனை ஜிபி, எத்தனை நாள் இருக்கும் என்பது ஒரே பக்கத்தில் எனக்குத் தெரிய வேண்டும்.

சென்ற மாதம் ஒரு மாலை கணினியைத் திறந்தபோது சி டிரைவின் பட்டை சிவந்து கிடந்தது. 25 ஜிபி காலியாக இருந்த இடத்தில் 4 ஜிபி மிச்சம். அந்த வாரம் நான் ஒரு கடிதத்தைத் தவிர வேறெதையும் சேமிக்கவில்லை. உங்கள் சேமிப்பகப் பக்கத்துக்குப் போனேன். படங்கள் இவ்வளவு, காணொளிகள் இவ்வளவு என்று என் உடைமைகளைக் குற்றவாளிகளைப் போல வரிசையில் நிறுத்தியிருந்தீர்கள். உங்களுடையவை எல்லாம் 'கணினி', 'தற்காலிகம்', 'மற்றவை' என்ற பெயர்களுக்குள் ஒதுங்கிக்கொண்டன.

அந்த வரிசையில் முதலில் நின்றவை அப்பாவின் ஆல்பங்கள். ஒவ்வொரு படமாக, ஓரத்தில் அவர் பென்சிலால் எழுதிய தேதியும் தெளிவாகத் தெரியும்படி, பெரிய அளவில் ஸ்கேன் செய்து வைத்திருந்தேன். ஆல்பங்கள் அதற்குள் பூச்சி அரித்துக் குப்பைக்குப் போய்விட்டன. அன்று இரவு உட்கார்ந்து எல்லாப் படங்களையும் சிறிதாக்கினேன். மூலப் படங்களை அழித்தேன். மறுசுழற்சித் தொட்டியையும் காலி செய்தேன். 14 ஜிபி மீண்டது. வெளித்தட்டு ஒன்று வாங்கி அதில் போட்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். போட்டிருக்கலாம்தான். சிவப்புப் பட்டையைக் காட்டிப் பதற வைத்தது நீங்கள்.

ஆறு நாள் கழித்து, நான் விரலைக்கூட அசைக்காமல், 21 ஜிபி தானாகத் திரும்பி வந்தது.

அப்புறம்தான் தேடிப் படித்துத் தெரிந்துகொண்டேன். பட்டை சிவப்பதற்கு நான்கு நாள் முன்பு புதிய பதிப்பு ஒன்றை நிறுவியிருக்கிறீர்கள். அது சரிப்படாவிட்டால் பழையதற்கே திரும்பட்டும் என்று பழைய பதிப்பை முழுதாக ஒரு கோப்புறையில் போட்டுவைத்து, பத்து நாளில் நீங்களே அழிக்கிறீர்கள். நல்ல ஏற்பாடு, அதில் எனக்குக் குறையில்லை. அந்தப் பத்து நாள் கணக்கைச் சிவப்புப் பட்டைக்குக் கீழே ஒரு வரியாக எழுதியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? சிறிதாக்கிய படங்களில் அப்பாவின் பென்சில் எழுத்து இப்போது சாம்பல் கறையாகத்தான் தெரிகிறது. ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டிய கதையை என் வீட்டிலேயே பார்த்துவிட்டேன்.

கணக்கு என்ற பேச்சு வந்ததால் இன்னும் சிலவற்றையும் கேட்டுவைக்கிறேன். 256 ஜிபி என்று வாங்கிய தட்டை நீங்கள் 238 என்று காட்டுகிறீர்கள். தட்டு செய்பவருக்கு ஒரு ஜிபி என்றால் நூறு கோடி பைட். உங்களுக்கு 107 கோடிக்கும் மேல். இரண்டு படிகளாலும் அளந்து குழப்ப வேண்டாம் என்றுதான் 1998இலேயே பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையம் பெரிய படிக்கு 'கிபிபைட்' (GiB) என்று தனிப் பெயர் வைத்தது. அந்தப் பெயரை உங்கள் திரையில் நான் இன்னும் பார்க்கவில்லை. மின்செருகியிலிருந்து ஒருநாளும் பிடுங்காத என் மேசைக் கணினிக்கும் உறங்கப் போகுமுன் திறந்திருக்கும் வேலையை எழுதிவைக்கும் உறக்கநிலைக் கோப்பு என்று சில ஜிபி ஒதுக்கியிருக்கிறீர்கள். அது உறங்கி நான் பார்த்ததில்லை. கோளாறு வந்தால் கணினியை முந்தைய நிலைக்குத் திருப்ப வைத்திருக்கும் மீட்புப் புள்ளிகள் வேறு தனியே இடம் பிடிக்கின்றன. எல்லாக் கோப்புறைகளையும் கூட்டிப் பார்த்தால் தட்டு சொல்லும் தொகை வருவதில்லை, ஏனென்றால் சிலவற்றைத் திறக்க எனக்கே அனுமதி கிடையாது. என் பெயருக்கு அருகில் 'நிர்வாகி' என்று போட்டிருப்பது மரியாதைக்காக என்று எடுத்துக்கொள்கிறேன்.

இடம் போதாதென்றால் மாதச் சந்தா கட்டி இணையக் கிடங்கில் போட்டுக்கொள்ளலாம் என்று அதே பக்கத்தில் அன்போடு ஒரு பொத்தான் வைத்திருக்கிறீர்கள். அதைத் தேட வேண்டியிருக்கவில்லை. பளிச்சென்று தெரிந்தது. பழைய பதிப்பின் கோப்புறையைக் கண்டுபிடிக்கத்தான் நான்கு திரைகள் தாண்டி உள்ளே போக வேண்டியிருந்தது.

கோபத்தில் நீட்டிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் இடம் எடுத்துக்கொள்வதை நான் எதிர்க்கவில்லை. கணினி ஓட வேண்டுமே. சொல்லிவிட்டு எடுங்கள், கணக்கைக் காட்டுங்கள் என்பதுதான் கோரிக்கை. முழுப் பக்கமும் தயாராகும்வரை, அடுத்த பதிப்பை நிறுவும்போது குறைந்தபட்சம் இந்த ஒரு அறிவிப்பையாவது திரையில் போடும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்: "உங்கள் தட்டில் 21 ஜிபி எடுத்திருக்கிறோம். பத்து நாளில் திருப்பித் தந்துவிடுவோம். அதுவரை உங்களுடைய எதையும் அழிக்க வேண்டாம்."

இப்படிக்கு,
உங்கள் பயனர்களில் ஒருவர்